குழந்தைக்கு ஊசி போட்டாச்சா? எங்க ஏரியால அடிக்கடி கேக்கற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதிலும்

நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. வியாசர்பாடி பக்கம் குடியிருக்கேன், ரெண்டு புள்ளைங்க, பெரியவ காலேஜ் போறா. எங்க கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டர்லருந்து வர்ற சிஸ்டர் கூட வீடு வீடா ஏறி இறங்கி "ஊசி போட்டாச்சா"ன்னு கேக்கற வேலைய பத்து வருஷத்துக்கு மேல சம்பளம் இல்லாம பண்ணிட்டிருக்கேன். அப்பப்போ மெடிக்கல் காலேஜ் புள்ளைங்க ஃபாரத்தை தூக்கிட்டு வந்து "ஆன்ட்டி, இங்க ஏன் சில பேர் போட்டுக்க மாட்டேங்கறாங்க"ன்னு கேக்கும். அவங்க கேட்டது, தெருவுல கேட்டது எல்லாத்தையும் சேத்து எழுதிட்டேன்.

சென்னைல கூட ஊசி போடாத குழந்தைங்க இருக்கா என்ன?

இருக்கு. ஆனா "வேண்டவே வேண்டாம்"னு சொல்றவங்க ரொம்ப கம்மி. நான் பாத்த வரைக்கும் முக்காவாசி பேர் ஆரம்பத்துல ஒழுங்கா போட்டுட்டு நடுவுல எங்கயோ விட்டுட்டவங்கதான். தேசிய குடும்ப நல சர்வே கணக்குப்படி தமிழ்நாட்டுல முழுசா ஊசி போட்ட குழந்தைங்க 2005-06ல 80.9 சதவீதம், 2015-16ல 69.7க்கு இறங்கிடுச்சு, அப்புறம் 2019-21ல 89.2. நடுவுல ஏன் விழுந்துச்சுன்னு கீழ சொல்றேன். நம்ம ஊர்ல பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரிலதான் நடக்குது, அதனால பொறந்த உடனே போடற பிசிஜி (காசநோய்க்கு), போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூணும் பெரும்பாலும் தப்பாது. வண்டி நிக்கறது அதுக்கப்புறம்தான். முக்கியமா ஒன்றரை வயசு ஊசி. ஒன்பதாம் மாசத்துக்கும் ஒன்றரை வயசுக்கும் நடுவுல இருக்கற இடைவெளில அம்மா வேலைக்குத் திரும்பப் போயிடுவாங்க, கார்டு பீரோவுக்கு அடில போயிடும், குழந்தையும் ஓடி ஆடிட்டு இருக்கும், யாருக்கு ஞாபகம் வரும் சொல்லுங்க.

ஃப்ரீயா போடறாங்க, பக்கத்துலதான் இருக்கு, அப்புறம் என்ன கஷ்டம்?

ஊசிதாங்க ஃப்ரீ, அந்த நாள் ஃப்ரீ இல்ல. புதன்கிழமை காலைல போகணும். நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கற பொண்ணுக்கு காலை ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும்தான் பொழப்பே, அந்த நேரத்துல குழந்தைய தூக்கிட்டு வந்து பெஞ்சுல உக்காந்தா ரெண்டு வீட்லயாவது பேச்சு வாங்கணும். எங்க தெருவுல ஒரு அக்கா பூ கட்டி விக்கறாங்க, அவங்க ஒரு தடவை சென்டருக்கு கூடையோட வந்துட்டாங்க, வரிசைல நின்னபடியே மல்லி கட்டிட்டு இருந்தாங்க, குழந்தை மடில தூங்குது, டோக்கன் 41, அப்பத்தான் 17 ஓடுது. உள்ள போயி ஊசி போட்டா அதோட முடியல, அரை மணி நேரம் அங்கயே இருக்கச் சொல்வாங்க, அது கண்டிப்பா இருக்கணும், ஊசி போட்ட உடனே அபூர்வமா யாருக்காவது அலர்ஜி வந்தா அங்கயே பாக்கறதுக்குத்தான். ஆனா அந்த அக்காவுக்கு அந்த அரை மணில கோயில் வாசல் வியாபாரம் போச்சு. மறுநாளு குழந்தைக்கு ஜுரம் வந்தா அன்னிக்கும் வியாபாரம் இல்ல. இவங்கள "விழிப்புணர்வு இல்லாதவங்க"ன்னு எழுதறதைப் பாத்தா எனக்கு கோவம் வரும். அவங்களுக்கு எல்லாம் தெரியும், எந்த ஊசி எந்தத் தொடைல போடுவாங்கன்னு என்னை விட நல்லா சொல்வாங்க.

போனா "அடுத்த வாரம் வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க, ஏன்?

இது நெறைய பேருக்குப் புரியாத விஷயம். பிசிஜி, ஒன்பதாம் மாசம் போடற எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி எல்லாம் பவுடரா வரும், கூட வர்ற தண்ணிய கலந்து போடணும். ஒரு பாட்டில்ல பல குழந்தைங்களுக்கு இருக்கும். கலந்துட்டா 4 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், மீதிய கொட்டிடணும். அதனால ஒரே ஒரு குழந்தை வந்திருந்தா பாட்டில் வீணாகுமேன்னு சில இடத்துல திருப்பி அனுப்பிடறாங்க. ஒரு குழந்தைக்காகவும் பாட்டிலை உடைக்கலாம், அரசாங்க விதியே அப்படித்தான். திருப்பி அனுப்பின அம்மா அடுத்த வாரம் வருவாங்கன்னு என்ன நிச்சயம்? நீங்க "அரை நாள் சம்பளம் விட்டுட்டு வந்திருக்கேன் சிஸ்டர், இன்னிக்கே போட்டு விட்ருங்க"ன்னு மரியாதையா கேளுங்க, பெரும்பாலும் போட்ருவாங்க. இன்னொரு வழி, நாங்க செய்யறது, ஒன்பது மாசம் ஆன குழந்தைங்க தெருவுல யார் யாருன்னு பாத்து அஞ்சாறு பேரா சேந்து போறது.

ஊசி போட்டா ரெண்டு நாள் தூங்க விடாம அழுவுதே, அதுக்கு போடாமலே இருக்கலாமே?

நிஜமா சொல்றேன், வாட்ஸ்அப் வதந்திய விட இந்த ஜுரம்தான் பெரிய எதிரி. ஆறாவது வாரம் பென்டா ஊசி போட்டுட்டு வந்த அன்னிக்கு ராத்திரி என்ன நடக்கும்னு யோசிங்க. ஒரே ரூம் வீடு, குழந்தை வீல்னு கத்துது, தொடை கல்லு மாதிரி வீங்கியிருக்கு, வீட்டுக்காரர் காலைல ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகணும், மாமியார் "நல்லா இருந்த புள்ளைய கொண்டு போயி இப்படி பண்ணிட்டியே"ன்னு ஆரம்பிப்பாங்க. பத்தாவது வாரம் அந்தப் பொண்ணு தனியா எப்படி கெளம்பும்?

அந்த ஊசில தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி வகை, நிமோனியா, மூளைக்காய்ச்சல் வர வைக்கற ஹிப் கிருமின்னு அஞ்சுக்கு எதிரா மருந்து இருக்கு. தமிழ்நாட்டுல 2011 டிசம்பர்ல வந்துச்சு, கேரளாவும் நாமும்தான் நாட்லயே ஃபர்ஸ்ட். ஜுரம் முக்கியமா கக்குவான் மருந்தாலதான், அதுல முழு கிருமிய கொன்னு போட்டிருக்காங்க, உடம்பு அதை எதிரின்னு நெனச்சு சண்டை போடுது. ஒண்ணு ரெண்டு நாள்ல எறங்கிடும். பாராசிட்டமால் சொட்டு எவ்ளோன்னு சிஸ்டர்கிட்டயே எடைக்கு ஏத்த மாதிரி கேட்டு வாங்கிட்டு வாங்க, வீங்கின இடத்துல ஈரத்துணி வைங்க, தேய்க்காதீங்க, சுடுதண்ணி ஒத்தடம், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேணாம். மூணு நாளுக்கு மேல ஜுரம் இருந்தா, இல்ல மூணு மணி நேரம் நிக்காம கத்தினா, இல்ல குழந்தை துவண்டு போனா டாக்டர்கிட்ட ஓடுங்க.

இதுல என் பாயிண்ட் என்னன்னா, "ஜுரம் வரும், இன்னிக்கு ராத்திரி கஷ்டமாத்தான் இருக்கும்"னு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பின அம்மா அடுத்த டோஸுக்கு வந்துடறாங்க. ஒண்ணும் சொல்லாம சீட்டு கிழிச்சு அனுப்பினவங்கதான் வராம போறாங்க. வருஷக்கணக்கா பாத்துட்டேன்.

லேசா சளி இருக்கு, போடலாமா?

சாதாரண சளி, இருமல், லேசான பேதிக்கெல்லாம் தாராளமா போடலாம். ஜுரம் கொதிச்சா மட்டும் டாக்டர் சொல்ற வரைக்கும் தள்ளி வைங்க. "மூக்கு ஒழுகுது, சரியாகட்டும்"னு தள்ளிப்போட்டே ஆறு மாசம் ஓட்டினவங்க எங்க தெருவுல ரெண்டு பேர். சென்னைல குழந்தைக்கு சளி இல்லாத மாசம்னு ஒண்ணு இருக்கா?

அம்மா வீட்ல பிரசவம் பாத்தோம், இப்ப இங்க வந்துட்டோம், இங்க போடுவாங்களா?

போடுவாங்க, எந்த ஊர்ல ஆரம்பிச்சாலும் எங்க வேணா தொடரலாம். ஆனா இந்த இடமாத்தம்தான் கணக்குல பெரிய ஓட்டை. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு பொண்ணு ஆரணிக்கோ திண்டிவனத்துக்கோ போயிடும், அங்க நர்ஸம்மா ரெஜிஸ்டர்ல பேர் ஏறும், மூணு இல்ல அஞ்சு மாசம் கழிச்சு சென்னை வரும், அங்க "போயிட்டாங்க"ன்னு எழுதிடுவாங்க, இங்க யாருக்கும் வந்தது தெரியாது. கர்ப்பத்துல பிக்மி நம்பர் வாங்கியிருப்பீங்களே, பொறப்பு சர்டிபிகேட்டுக்கு கேப்பாங்களே அது, அந்த நம்பரை சொன்னா இங்க தேடி எடுக்கலாம்.

வீடு மாத்தறதும் அப்படித்தான். வாடகை ஏறுச்சுன்னு வருஷத்துக்கு ஒரு வீடு மாறறவங்க ஒரு பக்கம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரைலருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்களே, அவங்க இன்னொரு பக்கம். பழைய இடத்துல தெரிஞ்ச சிஸ்டர், தெரிஞ்ச ஆயா, பேர் சொல்லிக் கூப்புடுவாங்க. புது இடத்துல எட்டு மாடி, யாரு எந்தக் கதவுன்னே தெரியாது. நம்பிக்கைய லாரில ஏத்திக் கொண்டு போக முடியாது இல்ல.

வடநாட்டுல இருந்து வந்த வேலைக்காரங்க குழந்தைங்களுக்கு?

ஓ.எம்.ஆர். பக்கம் கட்டடம் கட்டற கேம்ப்ல நெறைய. அவங்க குழந்தைங்களுக்கும் இங்க ஃப்ரீதான், ஆதார் அட்ரஸ் இங்க இருக்கணும்னு அவசியமே இல்ல. பிரச்சனை பாஷை, அப்புறம் மேஸ்திரி லீவு தரமாட்டாரு. மழைக்காலத்துல ஒரு கேம்புக்கு நாங்க போனப்ப பீகார் பொண்ணு ஒருத்தி கார்டு எடுத்துட்டு வந்து நீட்டினா, பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஊசி நூலால தச்சு வெச்சிருந்தா, நனையக் கூடாதுன்னு. நாலு பெட்டி காலி. யாரும் கேக்கல, அதான் போடல. அவ்ளோதான் காரணம்.

வீட்ல யார் சொன்னா போடறாங்க?

அம்மா மட்டும் முடிவு பண்றது கம்மி. மாமியார் ஒரு வார்த்தை, வீட்டுக்காரர் ஒரு வார்த்தை. அதனால நாங்க போனா மொதல்ல ஆயாகிட்டதான் உக்காருவோம். அறுபது வயசு தாண்டின ஆயாங்களுக்கு மேல்கைல வட்டமா ஒரு தழும்பு இருக்கும் பாருங்க, அம்மை குத்தினது. "இது என்ன ஆயா"ன்னு கேட்டா போதும், அந்தக் காலத்துல அம்மை குத்தறவரு வந்தா கட்டிலுக்கு அடில ஒளிஞ்ச கதை, தெருவுல யார் யாரு பெரியம்மைல கண்ணு போனவங்கன்னு கதை எல்லாம் வரும். அந்த மருந்தை தயாரிச்சதே நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்லதான், 1899ல ஆரம்பிச்சது. பெரியம்மை இந்தியால 1975ஓட ஒழிஞ்சுது. இதை நான் சொன்னா லெக்சர், அவங்க வாயால வந்தா மருமக கேக்கறா.

அம்மன் கோச்சுக்கும்னு சொல்றாங்களே?

வெளியூர்க்காரங்க நெனைக்கற அளவுக்கு இதால யாரும் ஊசிய மறுக்கறது இல்ல. அம்மை போட்டா வேப்பிலை, இளநீர், மூணு தண்ணி ஊத்தறது எல்லாம் உண்டு, அதுக்கும் தடுப்பூசிக்கும் சண்டை கிடையாது. ஆடில "காப்பு கட்டியிருக்கோம், கூழ் ஊத்தி முடிக்கட்டும் வர்றோம்"பாங்க, ரெண்டு வாரம் தள்ளும். சொன்ன மாதிரி வந்துடுவாங்க.

வாட்ஸ்அப்ல வர்றதை நம்பலாமா? ஆட்டிசம் வரும், பின்னாடி குழந்தையே பொறக்காதுன்னு வருதே.

2017 பிப்ரவரில தட்டம்மை-ரூபெல்லா ஊசி கேம்ப் ஆரம்பிச்சப்ப நம்ம மாநிலமே கலங்குச்சு. 9 மாசத்துலருந்து 15 வயசு வரைக்கும் எல்லாருக்கும், ஒன்றரைக் கோடிக்கு மேல புள்ளைங்க, ஸ்கூல்லயே போடறாங்க. அன்னிக்கு வந்த வாய்ஸ் நோட்டு ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. ஒரு ஸ்கூல்ல அம்மாங்க எல்லாம் கேட் முன்னாடி நின்னு புள்ளைங்கள பாதி கிளாஸ்ல கூட்டிட்டுப் போனதை நானே பாத்தேன். கடைசில தேதிய மார்ச் வரைக்கும் நீட்டிச்சாங்க. அந்த நேரத்துல எனக்குப் பட்டது, ஊசி மேல இருந்த சந்தேகத்தை விட "என்னைக் கேக்காம என் புள்ளைக்கு எப்படி போடுவ"ங்கற கோவம்தான் ஜாஸ்தி. முன்னாடியே ஒரு மீட்டிங் போட்டு பேசியிருந்தா பாதி சத்தம் வந்திருக்காது.

ஆட்டிசம் கதை 1998ல லண்டன்ல ஒரு டாக்டர் கெளப்பினது. அந்தக் கட்டுரைய வெளியிட்ட பத்திரிகையே 2010ல வாபஸ் வாங்கிடுச்சு, அவரோட டாக்டர் லைசென்ஸும் போச்சு. மலட்டுத்தன்மைக்கு எந்த ஆதாரமும் இல்ல. கர்ப்பத்துல ரூபெல்லா வந்தாத்தான் வயித்துல இருக்கற குழந்தைக்கு கண்ணு, காது, இருதயம் பாதிக்கும், அதுக்காகத்தான் பொண்ணு குழந்தைங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

படிச்சவங்க இந்த மாதிரி வதந்திய நம்ப மாட்டாங்கன்னு நெனைக்காதீங்க. 1955ல பிசிஜி ஊசிய இதே சென்னைல எதிர்த்து எழுதினவரு ராஜாஜி. அவரை படிக்காதவருன்னு சொல்ல முடியுமா? இன்னிக்கும் எங்க தெருவ விட அண்ணா நகர் பக்கம் "நேச்சுரலா வளக்கறோம்"னு சொல்ற வீடுங்கதான் பேசி மாத்த கஷ்டம்.

ஊசி போட்டு குழந்தை செத்துப்போச்சுன்னு கேள்விப்பட்டேனே?

மறைக்க விரும்பல. 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைங்க இறந்துச்சு. நம்ம பக்கத்து மாவட்டம், டிவில நாள் பூரா அதேதான். அப்ப என் பெரியவளுக்கு எட்டு மாசம். ஒன்பதாம் மாசம் அதே ஊசி போடணும். நான் போகல. சிஸ்டர் ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தாங்க, கதவ தெறக்காம உள்ளயே உக்காந்திருந்தேன், குழந்தை சத்தம் போடாம இருக்க வாயில பிஸ்கெட்ட வெச்சு. ஒன்றரை வயசுலதான் போட்டேன், அதுவும் எதிர் வீட்டுல ஒரு பையனுக்கு மணல்வாரி (தட்டம்மைதான்) வந்து நிமோனியாவுல ஆஸ்பத்திரில கெடந்தத பாத்தப்புறம். அதனால இன்னிக்கு யாராவது எனக்கு கதவு தெறக்கலன்னா எனக்கு கோவம் வராது.

அதுக்கப்புறம் அரசாங்கம் கிராமத்துல போயி போடறதை நிறுத்திட்டு, டாக்டர் இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல மட்டும்தான்னு மாத்துச்சு. பாதுகாப்புக்குத்தான், ஆனா தூரம் கூடிடுச்சு. மேல சொன்ன மாதிரி 69.7 சதவீதத்துக்கு விழுந்ததுக்கு இது ஒண்ணு மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், இதுக்கும் பங்கு இருக்குன்னு நம்பறேன்.

பிரைவேட்ல போட்டா நல்லதா?

ஊசியோட தரத்துல பயப்பட ஒண்ணும் இல்ல. பிரைவேட்ல "வலி இல்லாத ஊசி"ன்னு ஆயிரக்கணக்குல வாங்கறாங்களே, அதுல கக்குவான் கிருமியோட சில துண்டு மட்டும் இருக்கும், ஜுரம் கம்மி. ஆனா முழு கிருமி ஊசியோட பாதுகாப்பு அதை விட ரொம்ப நாள் நிக்கும். ஃப்ரீ ஊசி மட்டம்னு நெனைக்காதீங்க. நான் பாக்கற ஆபத்து வேற. கடன் வாங்கி மொத டோஸ் பிரைவேட்ல போடறாங்க, அடுத்ததுக்கு காசு இல்ல, கவர்மெண்ட் சென்டருக்குப் போக கூச்சம், அப்படியே நின்னுடுது. கூச்சமே வேணாம், மீதிய இங்க போட்டுக்கலாம். நிமோனியாவுக்கான பிசிவி ஊசி கூட 2021 ஜூலைலருந்து ஃப்ரீ, பேதிக்கான ரோட்டா சொட்டு 2017லருந்து.

காசு குடுத்தா எல்லாரும் போடுவாங்களா?

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி திட்டத்துல பணம், பெட்டகம் எல்லாம் சேத்து 18,000 ரூபா வருது, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற தவணைக்கு ஊசி போட்டிருக்கணும். உதவுது, சந்தேகமே இல்ல, "பணம் ஏறல சிஸ்டர்"னு கேட்டு வர்றவங்க கார்டையும் கொண்டு வருவாங்க. ஆனா அது ரெண்டு பிரசவத்துக்குத்தான். மூணாவது குழந்தைக்கு வர்றவங்க கொறையறது கண்கூடா தெரியுது. பணம் நின்னது மட்டும் இல்ல, மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு ஒருத்தி எப்படி வரிசைல நிப்பா?

எல்லாரும் போட்டிருக்காங்க, என் குழந்தை ஒண்ணு போடலன்னா என்ன?

தட்டம்மை ஒரு குழந்தைகிட்டருந்து, தடுப்பு இல்லாத 12லருந்து 18 பேருக்கு பரவும். அந்தக் குழந்தை ரூமை விட்டுப் போயி ரெண்டு மணி நேரம் வரைக்கும் காத்துல இருக்கும். அதை நிறுத்த 100ல 95 பேருக்கு ரெண்டு டோஸும் வேணும். ஒன்பதாம் மாசம் போடற மொத டோஸ் 100ல ஒரு 85 பேருக்குத்தான் புடிக்கும், ரெண்டாவது டோஸ் அதுக்குத்தான். மாவட்டத்துக்கு 90 சதவீதம்னு காட்டும், ஆனா ஒரே சந்துல ஏழு குழந்தைங்க போடாம இருந்தா அந்த சந்துக்கு 90 எந்த விதத்துல உதவும்?

தேதி தாண்டிடுச்சு, மறுபடி மொதல்லருந்தா?

இல்லவே இல்ல. விட்ட எடத்துலருந்து தொடரலாம். பிசிஜி ஒரு வயசு வரைக்கும், பென்டா, ரோட்டா ரெண்டும் ஒரு வயசுக்குள்ள ஆரம்பிச்சா போதும், எம்.ஆர். 5 வயசு வரைக்கும் போடலாம். லேட்டா வந்தீங்கன்னு யாராவது திட்டினா காதுல வாங்காதீங்க. திட்டற ஒரு ஆள் இருந்தா அந்த சென்டருக்கு பத்து பேர் வரமாட்டாங்க, இதை நான் மீட்டிங்லயே சொல்லி கெட்ட பேர் வாங்கியிருக்கேன்.

கார்டு தொலைஞ்சு போச்சு, அதான் போக வெக்கமா இருக்கு.

இதுக்காக வராதவங்க எண்ணிக்கை கேட்டா ஆச்சரியப்படுவீங்க. பிக்மி நம்பரோ, போன தடவ குடுத்த ஃபோன் நம்பரோ சொல்லுங்க, ரெஜிஸ்டர்ல பாத்து புது கார்டு போட்டுத் தருவாங்க. எதுவுமே கெடைக்கலன்னா இடது கைல பிசிஜி தழும்பு இருக்கான்னு பாப்பாங்க, மீதிய உங்கள கேட்டு முடிவு பண்ணுவாங்க, சந்தேகமா இருக்கறதை திரும்பப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. புது கார்டு வந்த உடனே ஒரு ஃபோட்டோ எடுத்து உங்க ஃபோன்லயும் வீட்டுக்காரர் ஃபோன்லயும் உங்க அம்மா ஃபோன்லயும் போட்டு வைங்க. பூ விக்கற அக்கா அதை ஸ்க்ரீன் படமாவே வெச்சிருக்காங்க, சாமி படத்தை எடுத்துட்டு.